இடப்பக்கம் உக்காருது

பட்டறைப் பாய் எங்கள் சரக்கு வண்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். அவர் பார்ப்பது வண்டியைத்தான், என் மடியில் தூங்குகிற பிள்ளையை இல்லை. ஆனாலும் என் கை தானாகப் போய் ரச்சியின் கவுனை இழுத்துக் காலை மூடுகிறது. இந்தக் கை இப்போதெல்லாம் என்னைக் கேட்காமலே இதைச் செய்கிறது. தண்ணிக் குழாயில், ரேசன் கடையில், கோயில் வாசலில், யார் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலும் கவுன் இறங்கிவிடும். "இடப்பக்கம் உக்காருது தம்பி," என்கிறார் பாய். என் வீட்டுக்காரர் பிடரியைச் சொறிகிறார். "வாழைத்தார் ஏத்துனா லேசா உக்காரும் பாய். வெறும் வண்டில தெரியாது." "இப்ப என்ன யானையவா ஏத்திட்டு வந்திருக்க? வெறும் வண்டிதானப்பா நிக்குது. இங்க வந்து குந்து. குந்திப் பாரு." இவர் குந்தவில்லை, நின்றபடியே பார்க்கிறார். நின்று பார்த்தால் தெரியாது. அது எனக்குத் தெரியும். பின்னால் போய், குனிந்து, குதிகால் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் தெரியும். நான் அடுப்படித் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ரச்சி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சிமிண்டு குளிர்ந்தது. பிள்ளை நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து என் மூக்கின் மேல் விழுந்தது. இடப்பக்கமாகத்தான் விழுந்தது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய் அடுப்பில் எதுவும் இல்லாத சட்டியைக் கிண்டினேன்.

ஊசி போடணும், தேனிக்குப் போகணும் என்று சொல்லித்தான் காலையில் கிளம்பினோம். ஊசி இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் இதைப் பார்ப்பார் என்று எங்கள் ஊர் நர்சம்மா சொல்லியிருந்தாள். போன மாசம் சொட்டு மருந்துக்கு வந்தவள் ரச்சியை ஜமுக்காளத்தில் மல்லாக்கப் போட்டு, ரெண்டு முட்டியையும் மடக்கி, ரெண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, "இங்க பாரு, இந்த முட்டி மட்டும் தாழ்ந்திருக்கா?" என்றாள். தாழ்ந்திருந்தது. "காலுல ஒண்ணுமில்லம்மா. கால் போய் உக்கார்ற கிண்ணம் இருக்குல்ல, இடுப்புல, அதுல உக்காரல. ரெண்டு வயசு முடியறதுக்குள்ள காட்டு. இப்பன்னா இழுத்து உக்கார வச்சு மாவுக்கட்டுப் போட்டு விட்டுருவாங்க. விட்டேன்னா அறுக்கணும். உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லு." சொல்லுகிறேன் என்றேன். அன்று ராத்திரி சோறு போடும்போது சொல்ல வாயெடுத்தேன். ரசம் ஊத்தட்டுமா என்றுதான் வந்தது. அடுத்த நாள் சொல்லலாம் என்று பார்த்தால் அவர் தார் வெட்டுக்குப் போய்விட்டார். எனக்கு எப்பவுமே இப்படித்தான். அஞ்சாவதோடு நிறுத்தினபோது கூட, டீச்சர் ஏன் வரலை என்று வீட்டுக்கே வந்து கேட்டாள், எனக்கும் வரணும் டீச்சர் என்கிற மூணு வார்த்தை கதவுக்குப் பின்னால் நின்ற என் தொண்டையில் நின்றுபோனது. ஊசி என்றால் அவர் ஏன் என்று கேட்க மாட்டார். அங்கே போய் டாக்டரே சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். வீரபாண்டி தாண்டினதும் இவர் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பார்த்தார், பிடித்தார், மறுபடி விட்டுப் பார்த்தார். "வண்டி ஒரு பக்கமா இழுக்குது. பாய்கிட்ட ஒரு பார்வ காட்டிட்டுப் போயிருவோம்," என்று ரோட்டை விட்டு இறக்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் சீட்டுக் குடுக்கிறது பதினோரு மணி வரைக்கும்தான். நான் சரிங்க என்றேன்.

டயரில் காற்று ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பாய் ஒரு மூங்கில் சிம்பை எடுத்து, சக்கரத்தின் நடுக்குமிழிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் நிறுத்தி, சாக்பீசால் கோடு போடுகிறார். அதே சிம்பை இடப்பக்கம் கொண்டுபோகிறார். கோடு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. "ரெண்டு வெரக்கட எறக்கம். லேசாம்ல லேசா." நானும் அளந்திருக்கிறேன். பூக்கட்டுகிற வாழைநாரை நனைத்து, பிள்ளை தூங்கும்போது தொடை இடுக்கிலிருந்து குதிகால் வரைக்கும் பிடித்துப் பார்த்தேன். ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு நல்ல சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் மறுபடி அளந்தேன், நார் காய்ந்து சுருங்கியிருந்தது, அப்புறம் எது சரி என்றே தெரியவில்லை. விளக்கெண்ணெய் தேய்த்து நீவினேன், வெயிலில் காட்டினேன். நான் எப்பவும் இடது இடுப்பில்தான் தூக்கி வைப்பேன், வலது கை வேலைக்கு வேண்டுமே, அதனால்தானோ என்று ஒரு வாரம் வலது இடுப்பில் மாற்றி வைத்து, இடது கையால் கரண்டி பிடித்துக் குழம்பைக் கொட்டினேன். அத்தை சிரித்தாள். "எவளாச்சும் நொட்டாங்கையில கிண்டுவாளா? சீக்காளி மாதிரி." அத்தையிடம் ஒரே ஒரு தடவை, பிள்ளை நடை கொஞ்சம், என்று ஆரம்பித்தேன். அத்தையின் முகம் ஓடு மாதிரி மூடிக்கொண்டது. "நடக்க நடக்கச் சரியாப்போகும். வெளிய போய் வாய வுடாத." அந்த வீட்டில் ஒரு சொல் கிடையாது. ஆட்டுக்குட்டி காலைத் தாங்கி நடந்தால் கூட அது இன்னதாக நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒரு கோழியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். இவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். சோறு பாதி இருந்தது. நான் உப்புக் கூடிப்போச்சு என்று நினைத்தேன்.

ஜாக்கி ஏறுகிறது. வண்டியின் பின்பக்கம் தரையை விட்டு எழும்புகிறது, இவர் கட்டையை முட்டுக் கொடுக்கிறார், சக்கரங்கள் கழன்று உருண்டு சுவரில் போய்ச் சாய்கின்றன. அடியில் வண்டிப் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டைகள் தெரிகின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின இரும்பு, பெரிசுக்குக் கீழே சின்னது, அதற்குக் கீழே அதைவிடச் சின்னது, சேறும் வாழைக்கறையும் அப்பிப்போய். பாய் ஒவ்வொரு பட்டையாகச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்கிறார். "முறிஞ்ச பட்டன்னா தகர டப்பா மாதிரிச் சத்தம் வரும். இது மணி மாதிரிப் பேசுது. நல்லாத்தான் இருக்கு. நடுப்போல்ட்டும் நல்லாருக்கு." "அப்ப என்ன பாய்?" "அதான் எனக்கும் தெரியல. மாத்திப் போட்டுப் பாப்பம். இந்தப் பக்கத்துப் பட்டய அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துப் பட்டய இந்தப் பக்கம். சாய்வும் கூடவே மாறிப் போச்சுன்னா கோளாறு பட்டயில. பட்டைய மாத்திப் போட்ட பொறவும் இடப்பக்கமே உக்காந்துச்சுன்னா..." "உக்காந்துச்சுன்னா?" "அப்ப பட்ட மேல பழியில்ல. மேல, அது தொத்திக்கிட்டு நிக்கிற எடத்துல." நேரமாகுமா பாய் என்று இவர் கேட்பார் என்று பார்க்கிறேன். இவர் சட்டையைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போகிறார். பாய்தான் என் பக்கம் திரும்புகிறார். "எங்கம்மா, ஆஸ்பத்திரிக்கா? அவசரமா?" இல்லண்ணே, ஊசிதான் என்கிறேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருக்கிறது. ஒரு பஸ் தேனிப் பக்கம் போகிறது. தூசி வந்து பிள்ளையின் இமையில் உட்காருகிறது. ஊதிவிடுகிறேன்.

வண்டியின் பின்பலகையில் பேச்சி துணை என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும். பேச்சியம்மன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குழாயடியில் ஒரு நாள் பக்கத்து வீட்டு மொக்கத்தாயிதான் சொன்னாள், அது சாமி இல்லடி, உன் நாத்தனா. இவருக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள், பேச்சி. அவளுக்கும் நடை அப்படி. அவளை விசேசத்துக்கு அனுப்ப மாட்டார்களாம். யாராவது வந்தால் அவள் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டுமாம், சொம்புத் தண்ணீர் கூட வேறு ஆள்தான் கொண்டுவரும். சாமான் செட்டு எல்லாம் செய்து வைத்திருந்தார்கள், தோடு, சங்கிலி, எல்லாம், கொலுசு மட்டும் போட விடவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். மொக்கத்தாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சத்தம் காட்டிக் குடுத்துருமேடி" என்றாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் அவளை முன்கூட்டியே பாயில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் கூட்டத்திலிருந்த ஒரு கிழவி, எந்திரிச்சு வந்து துண்ணூறு வாங்கிக்க தாயி என்று கூப்பிட்டாளாம். பேச்சி எந்திரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனவள்தான். இவர்தான் போய்ப் பார்த்திருக்கிறார், மீசை முளைக்காத வயசு. வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது, அதிலும் உட்கார்ந்துதான் இருக்கிறாள். யாரு என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்காமலே எல்லாம் நடக்கும். ரச்சிக்கு முதல் பிறந்தநாளுக்கு என் அம்மா வெள்ளிக் கொலுசு கொண்டுவந்து போட்டாள், சின்னச் சின்ன முத்து வைத்தது. பிள்ளை நடக்க ஆரம்பித்தபோது வீடெல்லாம் சத்தம். ஜல், ஜலுக்கு. ஜல், ஜலுக்கு. "உம்மக ஆட்டம் ஆடிக்கிட்டே நடக்குறாடி" என்று தெருவில் சொன்னார்கள். நானும் ஆட்டம் என்றுதான் நினைத்தேன். சாமி, ஆட்டமாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். இவர் வந்து, திருகு லூசா இருக்கு, ஆசாரிகிட்டக் குடுத்து இறுக்கிட்டு வர்றேன் என்று கழற்றிக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் கேட்டேன். ஆசாரி ஊருல இல்ல என்றார்.

பட்டைகளைப் பக்கம் மாற்றிப் போட்டு, சக்கரங்களை மாட்டியாயிற்று, வண்டி இறங்குகிறது. ஜாக்கி மூச்சு விடுவது போல ஒரு சத்தம். பாய் வண்டியின் பின்பக்கத்தில் ஏறி ரெண்டு குதி குதித்துவிட்டு இறங்கி, பின்னால் போய்க் குத்தவைக்கிறார். வலப்பக்கம் போயிரு, போயிரு என்று என் வாய் சத்தமில்லாமல் சொல்லுகிறது. என்ன பைத்தியம், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தால் எனக்கென்ன. போயிரு தாயி. பாய் சிம்பை எடுக்கிறார், நிறுத்துகிறார். சாக்பீஸ் கோடு அதே இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. "இடப்பக்கம்தான்." பாய் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்கிறார். சேறு சுரண்டுகிற சத்தம். "தம்பி, வெளிச்சம் காட்டு." இவர் என்னைக் கூப்பிடுகிறார், "சுருளி, டேஷ்போர்டுக்குள்ள டார்ச் கெடக்கும், எடுத்தா." பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறக்கிறேன். டேஷ்போர்டு மூடியைத் திறந்தால் துணி, பழைய வயர், காய்ந்த எலுமிச்சம்பழம், டார்ச். டார்ச்சுக்கு அடியில் பனியன் துணியில் ஒரு முடிச்சு. டார்ச்சை எடுக்கும்போது முடிச்சு பேசுகிறது. ஜலுக் என்று ஒரே ஒரு தடவை. அவிழ்க்க வேண்டியதில்லை. ஆனாலும் அவிழ்க்கிறேன். திருகு இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஒரு முத்து கூட விழவில்லை. இவர் வண்டியைக் காதால் ஓட்டுகிறவர். எந்த நட்டு தளர்ந்தது, எந்தச் சக்கரத்தில் கல் மாட்டியிருக்கிறது என்று ஓட்டும்போதே சொல்லுவார், பாதித் தூக்கத்தில் தெருவில் போகிற வண்டி யாருடையது என்று சொல்லுவார். அந்தக் காதில் இது விழாமலா இருந்திருக்கும். எனக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறது. நான் தரையில் கன்னத்தை வைக்கிறதுக்கு முன்னாலேயே. அப்படியென்றால் காலையில் ஊசி என்று நான் சொன்னபோது. அப்படியென்றால் வீரபாண்டி தாண்டினதும் ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தது. இந்த வண்டி மழைக்காலத்திலிருந்தே சாய்ந்துதான் ஓடுகிறது. இன்றைக்கு என்ன வந்தது? "டார்ச் கேட்டேன்ல," என்கிற குரல். கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் மற்றக் கை முந்தானைக்குள் இருக்கிறது.

"இந்தா பாரு," அடியிலிருந்து பாயின் குரல். "கமான் வந்து மாட்டுற கொக்கி இருக்கே, அது சேசிஸ் சட்டத்தோட சேர்ற எடத்துல வெடிச்சு நிக்குது. சேத்துக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கு. என்னைக்கோ பள்ளத்துல விட்டு அடிச்சிருக்க." "வெல்டு வச்சுரலாமா?" "மேலாப்புல வைக்க முடியாது. எல்லாத்தையும் கழட்டி, சட்டத்த நிமித்தி, தகடு குடுத்துப் பண்ணணும். வண்டி இங்கதான் கெடக்கணும்." இவர், "இடப்பக்கம் மட்டும் ஒரு பட்ட சேத்துக் குடுத்தா நிமுந்துருமா பாய்?" என்கிறார். "நிமுந்துரும். பாக்கிறவனுக்கு நேராத்தான் தெரியும். உள்ள வெடிப்பு ஓடிக்கிட்டே இருக்கும். என்னைக்காச்சும் தாரோட வளைவுல திரும்பும்போது ஒரேயடியா உக்காரும். அப்ப என்கிட்ட வராத." "இப்பதைக்கு நேரா நின்னாப் போதும் பாய்." இவர் அதைச் சொன்ன விதம். சொல்லிவிட்டுத் திரும்பி வண்டிக்கடியில் நுழைகிறார், சோத்தைப் பாதியில் விட்டு எழுந்து போன அதே முதுகு. நேரா நின்னாப் போதும். அந்த வீட்டில் எத்தனை பேர் இதைச் சொல்லி எத்தனை வருசம் பேச்சியைப் பாயிலேயே உட்கார வைத்திருந்தார்கள். என் பிள்ளையையும் ஒரு பாயில் உட்கார வைப்பார்கள், நான்தான் பாயை விரிப்பேன், கவுன் சேலையாகும், நான்தான் இழுத்து மூடுவேன், யாராவது வந்து எந்திரி தாயி என்று கூப்பிடுவார்கள். இன்னொரு பஸ் போகிறது. ரச்சி முழித்துக்கொண்டு என் தாலிக்கயிற்றைப் பிடித்துச் சப்புகிறது. நான் உட்காருகிறேன். முந்தானைக்குள்ளிருந்து கொலுசை எடுக்கிறேன். வலது காலில் போட்டு, பிறகு இடது காலில் போடுகிறேன். பிள்ளை குனிந்து பார்க்கிறது, காலை ஆட்டுகிறது, என் முகத்தைப் பார்க்கிறது. தொலைந்துபோன ஆளைக் கண்ட மாதிரி ஒரு சிரிப்பு. வண்டி நிறுத்துகிற அந்தச் சமமான சிமிண்டுத் தரையில் இறக்கிவிட்டு, போடா, அப்பாகிட்டப் போ என்கிறேன்.

ஜல், ஜலுக்கு. ஜல், ஜலுக்கு. தகரக் கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. சுரண்டுகிற சத்தம் நிற்கிறது. பாய் வெளியே தலையை நீட்டி, "யாருடா இது, டான்ஸ் பார்ட்டியா?" என்று சிரித்தவர், பிள்ளை ரெண்டு எட்டு வைப்பதைப் பார்க்கிறார், பழக்கத்தில் அவர் கண் ஒன்று மூடுகிறது, சிரிப்பு நின்றுவிடுகிறது, வேறு எங்கோ பார்க்கிறார். வண்டிக்கடியில் இவருடைய ரெண்டு கால்களும் அசையவில்லை. "சுருளி." அடியிலிருந்து இவர் குரல். "அதக் கழட்டு." "மாட்டேன்." என் குரலா அது, எனக்கே தெரியவில்லை. ரச்சி போய் வண்டி ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, ப்பா, என்கிறது. காலைத் தரையில் தட்டுகிறது, சத்தம் வருகிறதல்லவா, இன்னும் தட்டுகிறது. அடியிலிருந்து ஒரு கை வருகிறது, கிரீசில் கறுத்த கை, கொலுசோடு சேர்த்து அந்த இடது காலைப் பிடிக்கிறது. சத்தம் நின்றுபோகிறது. பிடித்தபடியே இருக்கிறது. நான் எழுந்து நிற்கிறேன். பறித்துவிட்டால் நானும் ஒன்று செய்வேன், என்ன செய்வேன் என்று தெரியாது. கை பறிக்கவில்லை. பெருவிரல் மட்டும் கணுக்காலை ஒரு தடவை தடவிப் பார்க்கிறது, வெடிப்பைத் தேடுவது போல. "பட்ட சேக்க வேணாம் பாய்," என்கிறது குரல். மூக்கடைத்த மாதிரி இருக்கிறது. "வண்டியக் கழட்டிப் போட்டுரு." பிறகு, "அந்த எலும்பு டாக்டரு எத்தன மணி வரைக்கும் இருப்பாரு?" நான் எலும்பு என்று சொல்லவே இல்லை. யார் சொன்னது என்று கேட்கவும் இல்லை. "சீட்டு முடிஞ்சிருக்கும்," என்கிறேன். "அடுத்த செவ்வாதான்." வெளியே வந்து உட்காருகிறார். முகமெல்லாம் சேறு. பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, பின்பலகையில் இருக்கிற மஞ்சள் எழுத்தைப் பார்க்கிறார். "போய் ஆஸ்பத்திரி வாசல்ல கெடப்போம். இல்லன்னு சொல்லட்டும். வீட்டுக்குப் போனா நான் மாறிப்போயிருவேன் சுருளி."

பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இவர் கையைக் கூடச் சரியாகத் துடைக்காமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கிறார். கவுன் முதுகில் ஐந்து விரலும் கறுப்பாக விழுந்திருக்கின்றன. அவர் நடைக்கு ஏற்றபடி கொலுசு ஒரே சீராகக் குலுங்குகிறது, ஜல் ஜல் ஜல் ஜல் என்று, கேட்கிறவர்கள் எந்தக் குறையும் சொல்ல முடியாது. என்னால் அந்தச் சீரைக் கேட்க முடியவில்லை. "எறக்கி விடுங்க," என்கிறேன். நிழலில் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், பூக்கூடையோடு ஒரு கிழவி கூட. இவர் அவர்களைப் பார்க்கிறார். "நடக்கட்டுங்க." குனிந்து இறக்கிவிடுகிறார். ஜல், ஜலுக்கு. எல்லாத் தலையும் திரும்புகிறது. என் வலது கை கவுனை நோக்கிப் போகிறது. இடது கையால் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.